மூச்சு விடும் இடம்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழையதாக வாங்கிய கீபோர்டின் உறையைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை குப்பென்று எழுந்தது, அந்த நெடியோடு ஆஸ்டின் டவுனில் எங்கள் பாட்டி வீட்டு முன்னறையும், கட்டிலுக்கடியில் கிடந்த ஆர்மோனியப் பெட்டியும், பூச்சி துருத்தியை அரிக்காமலிருக்க அதற்குள் உருண்டை போட்டுவைத்த தாத்தாவும் வந்துவிட்டார்கள். ஒரு காம்புக்குப் பதில் நூல் கட்டிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கன்னத்தில் பெப்பர்மின்ட்டை ஒதுக்கிக்கொண்டு, தூசியே இல்லாத கட்டைகளைத் துண்டால் ஒவ்வொன்றாகத் துடைத்த பிறகுதான் வாசிக்கத் தொடங்குவார்.

வியாழக்கிழமைகளில் விவேக்நகர் குழந்தை இயேசு கோயில் நவநாளுக்குப் போகிற பாட்டிமார்கள் முதல்நாள் சாயங்காலம் அந்த முன்னறைக்கு வந்து பாடிப் பார்ப்பார்கள், ஜன்னல் கம்பி வழியாக மஞ்சள் வெயில் சிவப்பு சிமென்ட் தரையில் விழுந்திருக்கும், மூன்றாவது அடி முடிவதற்குள் எல்லோருக்கும் மூச்சு வாங்கும். தாத்தா ஒன்றும் சொல்லமாட்டார், துருத்தியை மெல்ல அழுத்தியபடி அந்த ஒரே ஸ்வரத்தை நீட்டிக்கொண்டே இருப்பார், அவர்கள் சேர்ந்துகொண்டதும் அடுத்த அடிக்குப் போவார்.

பிறகு 1986 வந்தது, நீலசந்திரா டீக்கடையில் 'புன்னகை மன்னன்' கேசட் ஓயாமல் ஓடியது, இளையராஜா சிந்தசைசரையும் சீக்வென்சரையும் அப்படிக் கையாண்டதைக் கேட்டபின் தெருத் திருவிழாக் கச்சேரிகளிலும் கண்கள் கீபோர்டுக்காரர் பக்கமே போயின, ஜெனரேட்டரின் டீசல் புகைக்கும் சீரியல் பல்புகளுக்கும் நடுவே ஒரே ஆள் வயலினையும் புல்லாங்குழலையும் எழுப்பினார். சிந்தசைசருக்குள் ஆசிலேட்டர் ஒரு முரட்டு அலையைக் கொடுக்கிறது, ஃபில்டர் அதைச் சீவுகிறது, ஒலி எப்படி எழுந்து எப்படி அடங்கவேண்டும் என்பதை என்வலப் பார்த்துக்கொள்கிறது என்பதெல்லாம் இப்போதுதான் விளங்குகிறது.

இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மிடி என்ற முறையும் அப்படித்தான், இப்போதுதான் விளங்குகிறது. 1983-ல் அமெரிக்க இசைக்கருவிச் சந்தையொன்றில் சீக்வென்ஷியல் கம்பெனியின் கருவியையும் ரோலண்ட் கருவியையும் ஒரே கேபிளில் பேசவைத்தார்கள், ஆனால் அந்தக் கேபிளில் ஓடியது ஒலியே அல்ல, எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது விட்டது என்ற தகவல் மட்டும், நடு ஸ்தாயி ஸி-க்கு எண் 60, அழுத்தத்துக்கு உச்சம் 127, ஒரு கேபிளில் 16 சானல். மளிகைச் சீட்டில் அரிசி இருக்காது, ஆனால் எந்தக் கடையிலும் அதைக் கொடுத்துச் சாமான் வாங்கலாம், அதனால்தான் அந்தத் தகவலைச் சேமித்த ஒரே கோப்பில் குழலை வீணையாக்கலாம், ஸ்ருதியை இறக்கலாம், வேகத்தை எந்த இடத்தில் வேண்டுமானாலும் மாற்றலாம்.

இன்றைய மேடைகளில் பெரும்பாலும் பென்டிரைவில் வரும், பாடகர் குரல் இல்லாத மைனஸ் ட்ராக்தான், அது பதிந்து முடிந்த ஒலி, வாத்தியங்கள் ஒன்றோடொன்று கரைந்து கிடக்கும், ரொம்ப இழுத்தால் தபலாவின் அடி மழுங்கிவிடும். கேட்க நிறைவாகத்தான் இருக்கிறது, ஆனால் பாடுகிறவர் அதன் பின்னால் ஓடவேண்டியிருக்கிறது, எழுபது வயதுக் குரல்கள் நடு அடியிலேயே நின்றுபோகின்றன, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மிடியும் தானாகக் காத்திருக்காது, துருத்தி பிடித்த கைக்கு இருந்த காது அதற்கில்லை. ஆனால் காத்திருக்கும் இடத்தை முன்கூட்டியே எழுதிவைக்க அது இடம் கொடுக்கிறது, அந்த நவநாள் பாட்டுக்கான டெம்போ ட்ராக்கில் மூன்றாவது அடியின் கடைசியில் வேகத்தை 72-லிருந்து 60-க்கு இறக்கி, அந்த ஸ்வரத்தை இரண்டு மாத்திரை நீட்டியிருக்கிறேன். வரும் புதன்கிழமை எங்கள் பாடல் குழுவில் வயதானவர்களை முன்வரிசையில் உட்காரவைத்துப் பாடிப் பார்க்கப்போகிறோம், இரண்டு மாத்திரை போதவில்லையென்றால் மூன்றாக்கிவிடலாம்.