தோல் வாசர்

2024 ஜூன் 23, ஞாயிறு. காலை 7.10. சித்ரதுர்காவில் விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர், இஸ்ரோவின் மறுபடி பறக்கும் சிறகு வண்டியான புஷ்பக்கைத் தொங்கவிட்டபடி எழும்பி, நாலரை கிலோமீட்டர் உயரத்தில் கழற்றிவிட்டது. ஓடுபாதைக்கு நேராக அல்ல, அரை கிலோமீட்டர் பக்கவாட்டில் தள்ளி. ஆளில்லாத அந்த வண்டி தானாகத் திரும்பி, நடுக்கோட்டைப் பிடித்து, மணிக்கு 320 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் தரை தொட்டது. பயணிகள் விமானம் 260 வாக்கில் இறங்கும். பாராசூட் விரிந்து வேகம் 100-ஐ நெருங்கிய பிறகுதான் சக்கர பிரேக் பிடித்தது.

இறங்கிய அழகைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இஸ்ரோ அறிக்கையில் நான் கோடு போட்டு வைத்த வரி வேறு: மார்ச் 22-ல் இறங்கிய அதே சிறகுடல், அதே கருவிகள், எந்த மாற்றமும் இல்லாமல் மறுபடி. நடுவே 93 நாள். எனக்குச் செய்தி அந்த 93 நாள்தான்.

*

புதுக்கோட்டை மாவட்டத்து நமணசமுத்திரம் பக்கம் போகும்போதெல்லாம் இளங்குடிப்பட்டி அய்யனார் கோயில் மண்குதிரைகளைப் பார்த்துவிட்டு வருவேன். வரிசை வரிசையாக நிற்கின்றன. காது உடைந்தது, கால் போனது, உள்ளே எறும்பு குடியேறியது. புரவி எடுப்புத் திருவிழாவுக்குப் புதுக்குதிரைதான் செய்வார்கள். பழசை யாரும் பழுது பார்ப்பதில்லை. சாமி ஒரு முறை ஏறிய குதிரை அப்படியே மண்ணோடு மண்ணாக வேண்டியதுதான். அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ராக்கெட்டும் வெகுகாலம் பெரும்பாலும் புரவிதான். 2016 மே 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பிய நம் முதல் சிறகு வண்டியும் அப்படியே. ஆறரை மீட்டர் நீளம், ஒன்றேமுக்கால் டன். திட எரிபொருள் ராக்கெட் தள்ளிவிட, 65 கிலோமீட்டர் உயரம் போய், ஒலியைப் போல் ஐந்து மடங்கு வேகத்தில் காற்றுக்குள் திரும்பி வந்தது. அடிவயிற்றில் சிலிகா ஓடுகள், மூக்கில் கார்பன். சூளையில் வெந்த குதிரை மாதிரி வெப்பத்தைத் தாங்கி, 770 விநாடியில் வங்கக் கடலில் முடிந்தது. தொட்டுப் பார்க்க, தட்டிக் கேட்க உடல் கரைக்கு வரவில்லை.

*

புஷ்பக் இறங்கும் சோதனைகளில் ராக்கெட் எஞ்சின் கிடையாது. எஞ்சினோடு பறந்து, இறங்கி, துடைத்து, திரும்பப் பறந்த வண்டி என்றால் அமெரிக்காவின் எக்ஸ்-15. மூன்றே விமானங்கள், 1959 முதல் 1968 வரை 199 தடவை பறந்தன. பி-52 குண்டுவீச்சு விமானத்தின் இறக்கைக்குக் கீழே தொங்கி மேலே போகும். விடுபட்டதும் எஞ்சின் எரிவது ஒன்றரை நிமிடம் மட்டில். மொத்தமே பத்து நிமிடப் பயணம். அதற்காகத் தரையில் வாரக்கணக்கில் வேலை.

எரிபொருள் என்ன தெரியுமா? அமோனியா. ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் மீனுக்கு ஐஸ் பார் போடுகிற கம்பெனி வாசலில் கண்ணைக் கரிக்குமே, அதே அமோனியா. ஐஸ் கம்பெனியில் வேலை செய்பவருக்கு மீட்டரைவிட மூக்கு முந்திச் சொல்லும். அங்கே குழாயில் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிற பொருள், இங்கே திரவ ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து ஒலியை ஆறு மடங்கு முந்துகிறது.

திரவ ஆக்சிஜனின் குளிர் மைனஸ் 183 டிகிரி. நிரப்பி வைத்தால் கொதித்துப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் கழற்றிவிடும் கடைசி நேரம் வரை தாய் விமானத்தின் தொட்டியிலிருந்து ஊற்றிக்கொண்டே போவார்கள். குழாயில் துளி ஈரம் இருந்தால் உறைந்து வால்வு இறுகும். எஞ்சினுக்குள் எரிபொருளைத் தள்ளும் பம்பைச் சுழற்ற ஹைட்ரஜன் பெராக்சைடு. அதன் குழாயில் அழுக்கு இருந்தால் அங்கேயே பொங்கிவிடும். ஆகவே கழுவு, உலர்த்து, வாயு விட்டு ஊது, மறுபடி சோதி. பறக்கிற வேலையில் பெரும்பங்கு இதுதான்.

1960 ஜூன் 8. தரையில் கட்டிவைத்து எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது அமோனியா தொட்டியில் அழுத்தம் எகிறி மூன்றாவது எக்ஸ்-15 வெடித்தது. விமானி ஸ்காட் கிராஸ்ஃபீல்ட் உட்கார்ந்திருந்த முன்பகுதி மட்டும் முன்னால் தூக்கி எறியப்பட்டது. அவர் பிழைத்தார். விமானத்தையும் திரும்பக் கட்டினார்கள்.

*



எக்ஸ்-15க்கு முந்தைய தலைமுறையில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு ராக்கெட் விமானங்கள் எரிந்து போயின. 1951 ஆகஸ்டில் எக்ஸ்-1டி. அதே நவம்பரில் மூன்றாவது எக்ஸ்-1, தரையில், சுமந்து சென்ற தாய் விமானத்தோடு சேர்ந்து. 1953 மே மாதம் ஒன்டாரியோ ஏரிக்கு மேலே ஒரு எக்ஸ்-2. அதில் விமானி ஸ்கிப் ஜீக்லரும், தாய் விமானத்தில் இருந்த ஃபிராங்க் வோல்கோவும் இறந்தார்கள். 1955 ஆகஸ்டில் எக்ஸ்-1ஏ. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காரணம் தேடினார்கள். கடைசியில் அகப்பட்டது தோல் வாசர். ஆக்சிஜன் பாதையில் இணைப்புகளுக்கு நடுவே வைத்த தோல். அதை டிரைகிரசைல் பாஸ்பேட் என்ற ரசாயனத்தில் ஊறவைத்திருந்தார்கள். திரவ ஆக்சிஜனில் நனைந்த அந்தத் தோலில் ஒரு அடி விழுந்தால் போதும், வெடிக்கும்.

எங்கள் தெரு அடிபம்பில் தண்ணீர் ஏறாவிட்டால் முதலில் பார்ப்பது தோல் வாசரைத்தான். தேய்ந்ததை எடுத்துப் போட்டுப் புதுசு மாட்டினால் இரண்டு அடியில் தண்ணீர் வரும். அந்த அளவு சின்னப் பொருள் நான்கு விமானங்களையும் இரண்டு உயிரையும் கொண்டுபோனதை நினைத்தால் மனசு ஆறவில்லை. முதல் விமானத்திலேயே ஒருவர் அந்த வாசரைக் கையில் எடுத்துச் சந்தேகப்பட்டிருந்தால் ஜீக்லர் வீட்டுக்குப் போயிருப்பார்.

*

பாடம் ஒட்டிக்கொண்டதற்கு ஒரு சாட்சி. 1962-ல் இறங்கும்போது நொறுங்கிய இரண்டாவது எக்ஸ்-15ஐப் பழுது பார்த்து, நீளமாக்கி, வெப்பம் தாங்க இளஞ்சிவப்புப் பூச்சு அடித்தார்கள். அந்தப் பூச்சு திரவ ஆக்சிஜன் பட்டு அடிவாங்கினால் வெடிக்கும் என்று முன்கூட்டியே சோதித்துக் கண்டுபிடித்து, மேலே வெள்ளைப் பூச்சு ஒன்று கொடுத்தார்கள். 1967 அக்டோபர் 3 அன்று பீட் நைட் அதில்தான் ஒலியின் 6.7 மடங்கு வேகம் தொட்டார். எக்ஸ்-15 தொட்ட உச்ச வேகம் அதுவே. நொறுங்கி, கை வைத்துச் சரிசெய்த உடல். திரும்பி வந்தபோது அடித்துடுப்பு வெந்து ஓட்டை விழுந்திருந்தது. அதற்கப்புறம் அது பறக்கவில்லை.

நைட்டின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. வெள்ளைப் பூச்சு அடித்தவர் பெயர் என் கண்ணில் படவில்லை.

*

செய்ய வேண்டியது: அடிபம்பு பழுதுபார்க்கிறவரிடம் தேய்ந்த தோல் வாசர் ஒன்று வாங்கி வைக்க வேண்டும். நான் பாடம் எடுக்கும் பத்தாம் வகுப்பில் எக்ஸ்-1ஏ படத்தோடு சேர்த்து மேசைமேல் வைத்து, கையில் எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் இருக்கிறார்கள். அமோனியாவின் நெடியை அவர்கள்தான் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்.