காதோரத்துக் கன்றல்

திங்கட்கிழமை

விறகடுப்புப் புகையிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்து, அதன் விளைவாகச் சுவாசகோசம் கெட்டுப்போன என் அக்காளுக்கு, நாளொன்றுக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாமல் பிராணவாயு செலுத்த வேண்டுமென்பது வைத்தியரின் உத்தரவு. இன்று அவளுக்குத் தலை வாரிவிடுகையில், குழாய் வளைந்து செல்லும் காது மடலின் மேல்விளிம்பு கன்றியிருப்பதைக் கண்டு மனம் மிகவும் சஞ்சலப்பட்டது. எங்களைப் போன்ற கறுத்த மேனியில் சிவப்பு எளிதில் புலப்படாதாகையால், விரலால் தொட்டு, அவ்விடம் சுற்றியுள்ள சருமத்தைக் காட்டிலும் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று சோதிப்பதே உசிதம். காலையும் மாலையும் அதைச் செய்வதென்று நிச்சயித்துக்கொண்டேன்.

புதன்கிழமை

நர்ஸம்மா வந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியின் காம்பும் குழாயும் ஒரே இடத்தில் அழுத்துவதால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு இந்த உபாதை நேர்கிறது என்றார். காதின்மேல் வரும் பகுதிக்கு மெல்லிய ஸ்பாஞ்சு உறை மாட்டி, மோவாயின் கீழுள்ள வளையத்தை இரண்டு விரல் நுழையும்படி தளர்த்தி, முகத்தையும் குழாயையும் வியர்வைப் பிசுக்கு இல்லாமல் துடைத்து உலர்த்தினோம். நாட்பட்டு விறைத்த குழாய் சருமத்தை அறுக்குமென்பதால் புதியதொன்றும் வாங்கியாயிற்று. பிராணவாயு இயந்திரத்தை வீட்டில் இறக்கி வைப்போர் இவற்றையெல்லாம் முதல் நாளே சொல்லித்தர வேண்டாமா?

வெள்ளிக்கிழமை

தேங்காயெண்ணெய் தடவினால் ஆறிவிடும் என்று பக்கத்து வீட்டு மாமி வாஞ்சையுடன் கிண்ணத்தை ஏந்தி வந்தார். பிராணவாயு தானாக எரிவதில்லை. ஆயினும் எரியும் பொருளின் ஜ்வாலையை மிக உக்கிரமாக்கும் தன்மை அதற்குண்டு. ஆதலால் எண்ணெயோ வாஸ்லினோ முகத்தில் ஆகாது, நீரை ஆதாரமாகக் கொண்ட களிம்பே தகும் என்று நான் எடுத்துரைக்க, அவரும் மனம் கோணாமல் ஏற்றுக்கொண்டார். வெள்ளிக்கிழமை விளக்கையும் ஊதுபத்தியையும் அக்காள் படுத்திருக்கும் அறையிலிருந்து அகற்றிப் பின்கட்டில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை

கன்றல் நன்றாகத் தணிந்திருக்கிறது. மத்தியானம் அக்காள் மெல்லச் சொன்னாள்: "காது நோவு தாங்காம ராத்திரியிலே கழட்டி வெச்சுடுவேன்டி. சொன்னா நீ கலங்குவேன்னு சொல்லலை." வைத்தியர் அத்தனை கவனத்துடன் வகுத்த சிகிச்சை, காதோரத்தில் ஓர் அங்குலமும் இல்லாத சருமத்தின் பொருட்டு இரவுதோறும் தடைப்பட்டிருந்ததை எண்ணி வெகுநேரம் பேசாதிருந்தேன். நாசித்துவாரம் வறண்டு எரிகிறதென்றும் இப்போதுதான் வாய் திறந்து சொல்கிறாள். காய்ச்சி வடித்த நீர் நிரப்பிய புட்டியை இயந்திரத்தோடு இணைக்கலாமா என்று நாளைக் காலையில் வைத்தியரைக் கேட்க வேண்டும்.