எங்கள் வீட்டு ஃபஹீட்டா

பினாங்குத் தீவில் பிறந்தவர்களிடம் சாப்பாட்டைப் பற்றி வாய் திறந்தால், பேச்சு நாசி கண்டாரில் தொடங்கிப் பசெம்பூரில் போய்த்தான் நிற்கும். அந்த ஊர்ப் பெண்ணாகிய நான் டெக்சஸ், மெக்சிகோ எல்லைப்புறத்துப் பண்டம் ஒன்றைப் பற்றி எழுத வந்திருப்பது சற்று வேடிக்கைதான். அதன் பெயர் ஃபஹீட்டா. தம்பி ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘ஃபஜிட்டா’ என்பான். ஸ்பானிய மொழியில் அந்த ‘ஜே’ எழுத்துக்கு ‘ஹ’ ஒலி. பாட்டிக்கு இரண்டுமே வாயில் நுழையவில்லை; ‘பயித்தா’ என்று தாமே பெயர் சூட்டிவிட்டார்.

‘ஃபஹா’ என்றால் இடுப்பில் கட்டும் கச்சை. ஃபஹீட்டா, சின்னக் கச்சை. மாட்டின் உதரவிதானத் தசை நீளமான பட்டையாக இருப்பதால் வந்த பெயர். டெக்சஸின் தென்பகுதி மாட்டுப் பண்ணைகளில் உழைத்த மெக்சிகோ வம்சாவளியினருக்கு, முதலாளிகள் விரும்பாத தலையும் குடலும் இந்தப் பட்டைக்கறியும் கூலியோடு கிடைத்தன. அவர்கள் அதை நெருப்பில் வாட்டி, மெல்லியதாக அரிந்து, ரொட்டியில் சுற்றி உண்டார்கள். 1969-இல் சானி ஃபால்கன் என்பவர் கைல் என்ற சிற்றூரின் விழாவொன்றில் கடை போட்டு விற்றார். 1973-இல் ஹூஸ்டன் நகரில் நின்ஃபா லொரென்சோ என்ற அம்மையார், கணவர் இறந்தபின் தம் ரொட்டித் தொழிற்கூடத்திலேயே ஓர் உணவகம் திறந்து இதைப் பெயர்பெறச் செய்தார். கோழி பிற்பாடு வந்து சேர்ந்ததுதான். கோழிக்கு ஏது கச்சை? ஆனால் மாட்டிறைச்சி புகாத எங்கள் வீட்டுக்குக் கோழிதான் கதி.

இந்தக் கதையைச் சொன்னபோது பாட்டி வியக்கவே இல்லை. கெடாவில் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். “நல்ல கறி தொரை வீட்டுக்குப் போவும், கொடலு நமக்கு. எல்லா ஊர்லயும் அதே கதைதான்” என்றார்.

நான் இதைச் சமைத்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் சுவையல்ல. அம்மாவுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மாறி மாறி வரும் பகல், இரவு வேலை. அப்பாவுக்கு லோரி. எங்கள் வீட்டு மேசையில் சோறும் குழம்பும் வலைமூடியின் கீழ் எப்போதும் காத்திருக்கும். வந்தவர் வந்த நேரத்தில் போட்டுச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். ஐந்து பேர் ஒன்றாக உட்காருவது தீபாவளிக்குத்தான். தம்பியோ அடுத்த மாதம் வேலைக்காகச் சிங்கப்பூருக்குப் போகிறான். மூடி வைத்துச் சாப்பிட முடியாத ஒரு பண்டம் எனக்கு வேண்டியிருந்தது.

அம்மாவுக்கு ஓய்வு கிடைத்த ஞாயிற்றுக்கிழமை. காலையில் சவ்ராஸ்தா சந்தையில் ஒரு கிலோ எலும்பில்லாத் தொடைக்கறி, மூன்று நிறத்தில் குடைமிளகாய், பெரிய வெங்காயம். நெஞ்சுக்கறி வேண்டாம், சீக்கிரம் வறண்டுவிடும். விரல் பருமனில் அரிந்து, எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு, மிளகாய்த் தூள், வறுத்துப் பொடித்த சீரகம், எண்ணெய் சேர்த்து அரை மணி நேரம் ஊறவிட்டேன். அதற்கு மேல் ஊறினால் புளிப்பு ஏறிக் கறியின் பதம் கெட்டுவிடும். சீரகம் ஸ்பானியரோடு கடல் கடந்து மெக்சிகோ போனது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியரோடு நம்மவரிடம் வந்தது. ‘மிளகாய்’ என்ற பெயரே மிளகைப் போல் காரமான காய் என்று நம்மவர் இட்டதுதான். இரண்டும் எங்கள் அஞ்சறைப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கின்றன.

பேரங்காடியில் விற்கும் ரொட்டிப் பொட்டலம் எங்கள் கைக்கு அதிகம். அங்கே மைதாவில் கொழுப்புச் சேர்த்துப் பிசைகிறார்கள். அம்மா அரை கிலோ ஆட்டா மாவில் வெந்நீரும் எண்ணெயும் விட்டுப் பிசைந்து, பதினெட்டுச் சப்பாத்தி சுட்டுத் துணியில் சுற்றி வைத்தார். புளித்த பாலேட்டுக்குப் பதில் கெட்டித் தயிர். தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழையைப் பொடியாக அரிந்து எலுமிச்சை பிழிந்தார் பாட்டி.

சூட்டில்தான் எல்லாம் இருக்கிறது. குவாலி புகையும்வரை காயவேண்டும். கறியை மூன்று தடவையாகப் போட்டு வதக்க வேண்டும்; மொத்தமாகக் கொட்டினால் நீர் விட்டு வெந்துவிடும், ஓரம் கருகாது. வெங்காயமும் குடைமிளகாயும் தனியாக இரண்டே நிமிடம். நறுக்கென்று இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும்.

“எல்லாரும் உக்காருங்க, ஆறிடும்!” என்று கத்தினேன். அப்பா கைத்தொலைபேசியை வைத்துவிட்டு வந்தார்.

“என்னாம்மா இது, சப்பாத்திக்குள்ள கோழிப் பெரட்டலா?” என்றார்.

“பெரட்டல்ல எங்கங்க இவ்ளோ குடைமொளகா?” என்றார் அம்மா.

ஆளாளுக்குத் தாமே சுற்றிக்கொள்ள வேண்டும். அப்பா சுற்றியது ஒவ்வொன்றும் அடியில் பிரிந்து தயிர் முழங்கைவரை ஒழுகியது. பாட்டி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, வெற்றிலை மடிப்பதுபோல் அடியை மடித்து அவர் கையில் ஒன்றைக் கொடுத்தார். தமக்குச் சீரகம் போதவில்லை என்றும் சொன்னார். குவாலியில் மிச்சமே இல்லை. தம்பி ஆறாவதைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, அம்மா சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்து, அவன் புறப்படுவதற்கு முந்திய ஞாயிறும் தமக்கு ஓய்வுநாள்தான் என்றார்.