எழுதியவர் பெயர்

செம்புலப்பெயனீராரை அறியாத தமிழ் மாணவர் இலர்; அவருடைய இயற்பெயரை அறிந்த பேராசிரியரும் இலர். பாட்டுக் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. எனினும் பாட்டைப் பெயரற்றதாக விட மனமின்றி, அதிலுள்ள தொடரையே பெயராகச் சூட்டினர் நம் முன்னோர். வகுப்பில் இதனைக் கூறும்போதெல்லாம் எம் நினைவு நியூயார்க் நகரத்துச் சுரங்க இரயில்களுக்குச் செல்வதுண்டு. ஈதென்ன பொருத்தம் என நகைப்போர் சற்றுப் பொறுத்தருள்க.

1970களிலும் 1980களின் முற்பகுதியிலும் அந்நகரத்து இளைஞர்கள் இரவில் இரயில் பணிமனைகளுள் புகுந்து, வண்ணத்தைப் பீய்ச்சும் குப்பிகளால் பெட்டிகளின்மேல் வரைந்தனர். வரைந்தவை பெரும்பாலும் தாமே தமக்கு இட்டுக்கொண்ட புனைபெயர்கள். ஆதலின் தம்மை ஓவியர் என்னாது ‘எழுத்தாளர்’ என்றே அழைத்துக்கொண்டனர். பிடிபட்டால் வழக்கு. நிருவாகமோ வேதிநீர் கொண்டு பெட்டிகளைக் கழுவியது. 1989 மே 12ஆம் நாள், எழுத்துடன் ஓடிய கடைசி இரயிலையும் ஓட்டத்தினின்று நீக்கியது. பிறர் பொருளில் கேளாது எழுதியது தகும் என வாதிட யாம் முற்படவில்லை. படம் எடுத்தவர்கள் எங்ஙனம் நடந்துகொண்டனர் என்பதே எம் பொருள். ஏனெனில் இன்று அவ்வெழுத்துகள் படங்களில் மட்டுமே வாழ்கின்றன.

மார்த்தா கூப்பர் அம்மையார் அப்போது ‘நியூயார்க் போஸ்ட்’ நாளிதழின் புகைப்படக் கலைஞர். தெருவில் விளையாடும் சிறுவரைப் படமெடுத்து வந்தபோது, புறா வளர்த்த சிறுவன் ஒருவன் தன் குறிப்பேட்டைத் திறந்து, தன் பெயரை எழுதவிருக்கும் வடிவத்தைக் காட்டினான். அவனே அவரை டோண்டி என்னும் புகழ்பெற்ற எழுத்தாளரிடம் சேர்ப்பித்தான். டோண்டியின் ஏட்டிலோ, தம் எழுத்துப் பின்புலத்தில் தெரியும் நாளிதழ்ப் படம் ஒன்று கத்தரித்து ஒட்டப்பட்டிருந்தது. எடுத்தவர் கூப்பரே! 1980இல் டோண்டி ஒரு முழுப்பெட்டியை எழுதிய இரவில் அவரும் பணிமனையில் உடனிருந்தார். ஒளிந்து நின்று எடுத்த படமன்று அது, உடன்பட்டு எடுத்தது.

மற்றொருவர் ஹென்றி சால்ஃபண்ட் என்னும் சிற்பி. முழுப்பெட்டி ஒரே படத்தில் அடங்காமையால், நின்ற இரயிலை எதிர் நடைமேடையிலிருந்து சற்றுச் சற்று நகர்ந்து பல படங்களாக எடுத்துப் பின்னர் இணைத்தார். எழுதியோர் அவருடைய பணிக்கூடத்துக்கே வந்து அவற்றைக் கண்டு மகிழ்ந்தனர். இவ்விருவரும் இணைந்து தொகுத்த நூலை அமெரிக்கப் பதிப்பகங்கள் ஏற்கவில்லை. 1984இல் இலண்டன் பதிப்பகம் ஒன்று வெளியிட்டது.

டோனி சில்வரும் சால்ஃபண்டும் 1983இல் அளித்த ‘ஸ்டைல் வார்ஸ்’ ஆவணப்படத்தையும் கண்டோம். எழுதும் இளைஞன், கடிந்துரைக்கும் அவன் தாய், காவலர், மேயர் காச் எனப் பலரும் அதில் பேசுகின்றனர். ஒருவரையும் அப்படம் எள்ளவில்லை. அந்தத் தாயின் சினத்தில் எம் உம்மாவின் குரலே ஒலித்தது!

எம் இல்லங்களில் ‘அமானிதம்’ என்றொரு சொல் வழங்கும். நம்பி ஒப்படைத்ததை உரியவருக்காகக் காப்பது அது. மறைந்து எழுதுவோன் முகம் காட்ட இசைந்தால், அப்படமும் அத்தகையதே. இக்காலக் கைப்பேசிகளிலோ, தடுத்து வைக்காவிடில், எடுத்த இடமும் நேரமும் படத்தோடு பதிந்துவிடுகின்றன. முகத்தை மறைத்துவிட்டு இடத்தைக் காட்டிக்கொடுத்தால் பயன் என்ன?

நம் சென்னைக் கண்ணகி நகரில், 2020ஆம் ஆண்டு தொடங்கி, அடுக்குமாடிச் சுவர்களில் பேரோவியங்கள் எழுந்தன. அவை இசைவுடன் வரையப்பட்டவை, ஒளிவுமறைவு இல்லை. ஆயினும் சுவருக்குப் பின்னே குடும்பங்கள் வாழ்கின்றன. எம் மாணவர் சிலர் அங்குச் சென்று எடுத்த படங்களை வகுப்பில் காட்டினர். வண்ணங்கள் கண்ணைப் பறித்தன. ஒரு படத்தில், கொடியில் துணி உலர்த்தும் பெண் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

“இவரிடம் கேட்டீர்களா?” என்றோம்.

“இல்லை ஐயா. நாங்கள் சுவரைத்தானே எடுத்தோம்?” என்றார் ஒருவர்.

“சுவரில் வரைந்தவர் யார்?”

அதற்கும் விடையில்லை. அந்தப் படத்தைத் துறைக் கண்காட்சியில் வைக்க யாம் இசையவில்லை. மாணவர்க்கு வருத்தமே. அவர்களுள் ஒரு மாணவி மட்டும் அடுத்த வாரம் மீண்டும் சென்று, அப்பெண்மணியிடம் அனுமதி பெற்று, அவர் பிள்ளைகளோடு ஒரு படம் எடுத்து அச்சிட்டும் கொடுத்து வந்தார். சுவரின் அடிமூலையில் ஓவியர் இட்டிருந்த கையொப்பத்தைக் காட்டிக் கொடுத்தவர்கள் அப்பிள்ளைகளே.