அறுபத்தைந்தில் பாதி

அறுபத்தைந்தில் பாதி எவ்வளவு? பள்ளிப் பிள்ளையைக் கேட்டால், முப்பத்திரண்டரை என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடும். இதே கேள்வியை ஒரு நாட்டின் ஆட்சியாளர்கள் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார்கள். விடை கிடைக்க ஆறு மாதம் ஆயிற்று. மூன்று நீதிமன்றங்கள் கூடின. கற்றறிந்த வழக்கறிஞர்கள் கறுப்பு அங்கி தரித்து நின்று, பாதி என்றால் என்ன, பெரும்பான்மை என்றால் என்ன என்று வாதிட்டனர். நகைச்சுவைக்காகக் கட்டிய கதை என்று வாசகர்கள் எண்ண வேண்டா. கயானா நாட்டில் நடந்த மெய்யான செய்தி இது.

கயானா தென்னமெரிக்க நிலத்தில் இருப்பது. ஆயினும் வரலாற்றாலும் வாழ்க்கை முறையாலும் கரீபிய நாடுகளோடு சேர்ந்தது. அந்நாடுகளின் கூட்டமைப்புக்குத் தலைமைச் செயலகமே அதன் தலைநகர் ஜார்ஜ்டவுனில்தான் இருக்கிறது. பரப்பில் நம் தமிழகத்தைவிடப் பெரிய நாடு. மக்களோ 2012ஆம் ஆண்டின் கணக்குப்படி எட்டு லட்சத்துக்கும் குறைவு. கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழியினர் ஒருபுறம். அடிமை முறை ஒழிந்தபின் 1838 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்டோரின் வழியினர் மறுபுறம். சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர்களும் அவர்களுள் உண்டு. 2015 முதல் 2020 வரை அந்நாட்டின் பிரதமராக இருந்தவரின் பெயர் மோசஸ் நாகமுத்து. முன்பாதி மூஸா நபியின் பெயர். பின்பாதி நம் ஊர்த் திண்ணைகளில் கேட்கும் பெயர்!

இன்னொரு சுவையான செய்தி. அங்கே முஸ்லிமை 'ஃபுலாமன்' என்று அழைக்கும் வழக்கம் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபுலானி இனத்தவருள் முஸ்லிம்கள் மிகுதி. அடிமைகளாக அங்கே வந்து சேர்ந்தவர்களில் அவர்களும் இருந்தனர். பின்னால் இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம்களுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இந்தியத் தோலுக்கு ஆப்பிரிக்கப் பெயர்! மக்களின் நாக்கு இரண்டு இனங்களையும் எப்போதோ கலந்துவிட்டது. அரசியல்வாதிகளின் பேரேட்டில்தான் அவை தனித்தனிப் பத்திகளாக இன்றும் நிற்கின்றன.

அந்தப் பேரேடு திறந்த கதையும் தெரிந்துகொள்ளத் தக்கது. 1953இல், வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்த முதல் தேர்தலில், இந்திய வழியினரான செட்டி ஜெகனும் ஆப்பிரிக்க வழியினரான ஃபோர்ப்ஸ் பர்ன்ஹாமும் ஒரே கட்சியில் நின்று 24 இடங்களில் 18ஐ வென்றார்கள். ஆங்கில அரசுக்கு அந்த ஒற்றுமை பிடிக்கவில்லை. 133 நாளில் படையை அனுப்பி அரசியலமைப்பை முடக்கியது. 1955இல் நண்பர்கள் பிரிந்தனர். அடுத்த தேர்தலில் 'அபன் ஜாத்' என்றொரு முழக்கம் கிளம்பிற்று. 'தன் இனத்தானுக்கே வாக்கு' என்பது அதன் கருத்து. நம் காதில் அது 'அப்பன் ஜாதி' என்றே விழும்; பொருளும் அதிலிருந்து வெகுதூரம் விலகியதன்று.

இனத்தைப் பார்த்து வாக்கு எண்ணப் பழகிவிட்டால், வாக்கைப் பார்த்து வாக்கு எண்ணுவது வீண் வேலையாகத் தோன்றும் போலும். 1968 தேர்தலில் பர்ன்ஹாம் அரசு வெளிநாட்டில் வாழும் கயானியருக்கும் வாக்குரிமை தந்தது. ஆங்கிலத் தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் சிலர் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு இங்கிலாந்தில் வீடு வீடாகத் தேடினார்கள். பெரும்பாலான வாக்காளர்களைக் காணவில்லை. 1978இல் ஒரு பொதுவாக்கெடுப்பு. 'ஆம்' என்பதற்கு வீடு சின்னம். 'இல்லை' என்பதற்கு எலி சின்னம். வீடு வேண்டுமா, எலி வேண்டுமா என்று கேட்டால் எவர்தாம் எலி வேண்டும் என்பர்? ஆயினும் மக்கள் சாவடிப் பக்கமே போகவில்லை என்று எதிர்க்கட்சிகள் கூறின. அரசின் அறிவிப்போ, நூற்றுக்கு 97 பேருக்கு மேல் வீட்டையே விரும்பினர் என்றது. 1992இல்தான், வெளிநாட்டுப் பார்வையாளர்களின் கண்முன்னே நடந்த தேர்தலில், முதியவராகிவிட்ட ஜெகன் மீண்டும் ஆட்சிக்கு வந்தார்.

இனி அறுபத்தைந்தின் கதைக்கு வருவோம். கயானா நாடாளுமன்றத்தில் 65 இடங்கள். 2015 தேர்தலில் டேவிட் கிரேஞ்சர் தலைமையிலான கூட்டணிக்கு 33, எதிர்க்கட்சிக்கு 32. ஒற்றை ஆளின் உயரமே ஆட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் இடையே இருந்த சுவர். 2018 டிசம்பர் 21 அன்று நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. ஆளும் வரிசையில் அமர்ந்திருந்த சரண்தாஸ் பெர்சாட் என்னும் உறுப்பினர் எழுந்து, தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். பக்கத்திலிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். தீர்மானத்துக்கு 33, எதிராக 32. ஆட்சி கவிழ்ந்தது, மூன்று மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பது சட்டம்.

அப்போதுதான் புதிய கணிதம் பிறந்தது. 65இல் பாதி முப்பத்திரண்டரை. அரை மனிதர் என்று ஒருவர் உலகில் இல்லை. ஆகவே அதை 33 என்று கொள்க. பெரும்பான்மை என்பது பாதியோடு ஒன்று. ஆகவே 34 வேண்டும். 33 பேர் வாக்களித்தால் ஆட்சி கவிழாது! இதே 33 பேரைக் கொண்டுதான் அவர்கள் மூன்றரை ஆண்டு ஆண்டார்கள் என்பதை அப்போது எவரும் நினைவூட்டவில்லை போலும். ஆளுவதற்கு 33 போதும். இறங்குவதற்கு 34 வேண்டும் என்பது உலகம் அறியாத வாய்பாடு.

மத்ரஸாவில் பராயிள் என்னும் பாகப்பிரிவினைக் கல்வியைப் பல ஆண்டுகளாக நடத்தி வருபவன் நான். பின்னங்களோடு பழகிய எனக்கு இந்த அரை மனிதர்மேல் தனிப் பாசம் பிறந்துவிட்டது. வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்லும் பழைய ஒட்டகக் கதையும் நினைவுக்கு வந்தது. தந்தை 17 ஒட்டகங்களை விட்டு இறந்தார். மூத்தவனுக்குப் பாதி, அடுத்தவனுக்கு மூன்றில் ஒன்று, இளையவனுக்கு ஒன்பதில் ஒன்று என்பது அவர் விருப்பம். ஒட்டகத்தை வெட்டாமல் பிரிக்க வழியில்லை. நடுவர் தம் ஒட்டகத்தையும் சேர்த்து 18 ஆக்கினார். ஒன்பது, ஆறு, இரண்டு என்று பிரித்துக் கொடுத்தார், கூட்டினால் பதினேழு. மிஞ்சிய தம் ஒட்டகத்தைப் பிடித்துக்கொண்டு வீடு போனார். வழக்கைத் தீர்க்கக் கடன் வாங்கியதைத் திருப்பிக்கொண்டு போவதுதான் நடுவரின் அழகு. கயானாவில் கடன் வாங்கிய அரை மனிதரோ வீடு திரும்ப மறுத்து, நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். 2019 ஜனவரியில் உயர்நீதிமன்றம் 33 போதும் என்றது. மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 34 வேண்டும் என்றது. ஜூன் 18 அன்று கரீபிய நீதிமன்றம், அறுபத்தைந்து பேரில் முப்பத்து மூவரே பெரும்பான்மை என்று கூறி அவரை அடக்கம் செய்தது. தொழுகைக்குப் பின் விரல் மடக்கி முப்பத்து மூன்று தஸ்பீஹ் ஓதும் நம் வீட்டுச் சிறுவனும் அந்த எண்ணில் தடுமாறுவதில்லை.

இடையில் இன்னொரு வேடிக்கை. வாக்களித்த உறுப்பினர் கனடாவின் குடிமகனுமாவார். ஆகவே அவர் வாக்குச் செல்லாது என்றும் வாதிட்டார்கள். விளக்கைத் தூக்கிப் பிடித்தால் பிடித்தவன் முகமும் தெரியும் அன்றோ! அந்த வெளிச்சத்தில் ஆளும் தரப்பிலேயே இரட்டைக் குடியுரிமையாளர் வெளிப்பட்டனர். 2019 ஏப்ரலில் நான்கு அமைச்சர்கள் பதவி விலக நேர்ந்தது.

மூன்று மாதத்தில் நடக்க வேண்டிய தேர்தல் பதினான்கு மாதம் கழித்து, 2020 மார்ச் 2 அன்று நடந்தது. அதற்குச் சற்று முன், 2019 டிசம்பரில், கடலுக்கடியிலிருந்து எண்ணெய் பெருகத் தொடங்கியிருந்தது. எண்ணெய் வரும் நாட்டில் தேர்தல் மேடை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டுமா? ஒரு தரப்பு ஐம்பதாயிரம் வேலைகள் என்றது. மறு தரப்பு பொற்காலம் வாசலில் நிற்கிறது என்றது. வாக்காளர் பட்டியலில் ஆறு லட்சத்து அறுபதாயிரம் பெயர்கள். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் அது குழந்தைகளே இல்லாத நாடு என்று எண்ணத் தோன்றும். கடல் கடந்து போனவர்களும் மண்ணுக்குள் போனவர்களும் பட்டியலைவிட்டு எளிதில் போவதில்லை என்பதே உண்மை.

வாக்குப்பதிவு அமைதியாகவே முடிந்தது. வேடிக்கை எண்ணிக்கையில்தான். தலைநகர் அடங்கிய நான்காம் வட்டாரத்தில் அலுவலர் படித்த எண்கள், கட்சி முகவர்களின் கையிலிருந்த படிவங்களோடு பொருந்தவில்லை. முதல் அறிவிப்பை நீதிமன்றம் செல்லாதென்றது. மறுமுறை, ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, அதன்மேல் படிவங்களின் ஒளிப்படத்தை விழச் செய்து காட்டினார்கள். எழுத்து எவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. ஒரு நாட்டின் தலைவிதியைப் படுக்கை விரிப்பில் படிக்கச் சொன்னால் உறக்கம் வருமேயன்றி உண்மை வருமா?

பின்னர் ஒரு சொல் வந்தது. அதிக வாக்குகள் பெற்றவர் வென்றவர் என்கிறது சட்டம். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு, 'செல்லத்தக்க' வாக்குகள் என்று பொருள் விரித்தது. அந்த ஒரு சொல்லைக் கத்தரிக்கோலாகக் கொண்டு, தலைமைத் தேர்தல் அலுவலர் ஒரு லட்சத்துப் பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளை நறுக்கித் தள்ளினார். நறுக்கிய பின் பார்த்தால் தோற்ற கட்சி வென்றிருந்தது! மூலத்தில் இல்லாத ஒரு சொல்லை மாணவன் உரையில் நுழைத்தால் நான் ஓரத்தில் சிவப்பு மையால் கோடிடுவேன். 2020 ஜூலை 8 அன்று கரீபிய நீதிமன்றம் அந்தக் கோட்டை இட்டது. ஆகஸ்ட் 2 அன்று முடிவு அறிவிக்கப்பட்டது. ஒரு நாள் வாக்களித்து, ஐந்து மாதம் காத்திருந்தனர் அம்மக்கள்.

அந்நாட்டைக் காத்தவர் யார் என்று எண்ணிப் பார்க்கிறேன். பெருந்தலைவர்கள் அல்லர். அங்கே ஒவ்வொரு சாவடியிலும் எண்ணி முடித்தவுடன் அலுவலர் ஒரு படிவத்தை நிரப்பிக் கையொப்பமிடுவார். முகவர்களுக்கு நகல் தருவார். சாவடியின் வெளியே ஒன்றை ஒட்டுவார். விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எண்ணிய அந்தச் சிறு அலுவலர்களில் இரு இனத்தவரும் இருந்தனர். மறு எண்ணிக்கையில் 2,339 பெட்டிகளை முப்பத்து மூன்று நாள் ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். ஆளுங்கூட்டணிக்கு 2,17,920, எதிர்க்கட்சிக்கு 2,33,336 என்று கணக்கு நேராயிற்று. அமானிதம் என்று நாம் சொல்லுவது இதைத்தான். பிறர் ஒப்படைத்த பொருளை, தன் விருப்பம் எதுவாயினும், குறையாமல் திருப்பித் தருவது. வாக்கும் அப்படி ஒப்படைக்கப்பட்ட பொருளே.

வென்ற கட்சியின் வேட்பாளர் இர்ஃபான் அலி அதிபரானார். அந்நாட்டின் முதல் முஸ்லிம் அதிபர். செய்தி வந்த நாளில் நம்மவர் பலர் பூரித்தார்கள். ஓர் அன்பர் எனக்குத் தொலைபேசியில் முபாரக் சொன்னார். கயானா எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்று கேட்டேன். அது தெரியாது, பெயர் தெரிந்தால் போதாதா என்றார். மகிழ்வதில் குற்றமில்லை. ஆனால் நாம் மகிழ்ந்தது ஒரு மக்களின் வாக்கு மீண்டது குறித்தா, நம் பெயருடைய ஒருவர் நாற்காலி ஏறியது குறித்தா? பின்னதே ஆயின், அபன் ஜாத்துக்கு நம் வீட்டிலும் ஒரு கிளை திறந்தாயிற்று என்பதே பொருள். அன்று எண்ணிக்கை வேறு விதமாய் முடிந்து கிரேஞ்சர் நேர்மையாக வென்றிருந்தால், அப்போதும் அந்த எண்ணிக்கையைக் கொண்டாட நமக்கு மனம் வந்திருக்குமா?

2025 செப்டம்பர் 1 தேர்தலில் இர்ஃபான் அலியின் கட்சி 36 இடங்களோடு மீண்டும் வென்றது. அதைவிட என்னை வியக்க வைத்தது இரண்டாம் இடம். அமெரிக்க அரசு 2024இல் தடை விதித்த தொழிலதிபர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் தொடங்கிய கட்சி, 16 இடங்களைப் பிடித்துவிட்டது. பழைய எதிர்க்கூட்டணி 12ஆகச் சுருங்கியது. புதியவர் நல்லவரா என்பது வேறு வழக்கு. அதை அந்நாட்டார் தீர்க்கட்டும். ஆனால் இனவாரியாக முன்கூட்டியே கூட்டி வைத்திருந்த தொகைகள் அன்று பொய்த்தன. ஏழு பத்தாண்டாக மனப்பாடமாக ஒப்பித்த வாய்பாட்டை மக்களே ஓரிடத்தில் தவறவிட்டார்கள்.

தலையைப் பார்த்தே எண்ணி முடித்துவிடலாம் என்று நம்புகிறவனுக்குத் தேர்தல் தேவையில்லை. மக்கள்தொகைப் பட்டியலே போதும். தலைக்குள் ஒரு மனம் இருக்கிறது, அது இன்று ஒருவிதமாகவும் நாளை வேறுவிதமாகவும் எண்ணும் என்று ஒப்புக்கொள்கிறவனே வாக்குப் பெட்டி வைக்கத் தகுந்தவன். அறுபத்தைந்தில் பாதி எவ்வளவாயினும் ஆகட்டும். மனிதரில் மட்டும் பாதி கிடையாது.