கால் பவுன் அழுத்தம்

நவம்பர் 9, சனி

கும்பகோணத்திலிருந்து டிரங்குப் பெட்டி லாரி பார்சலில் வந்து சேர்ந்தது. பெரியப்பாவின் இசைத்தட்டுகள். வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். "உனக்குத்தான் பாட்டுக் கிறுக்கு, நீயே வெச்சுக்கப்பா" என்று பெரியம்மா போனில் சொல்லிவிட்டார். நான் கடைசியாகத் தட்டு போட்டுக் கேட்டது கல்லூரி நாட்களில். பிறகு கேசட், சிடி, இப்போது போன்.

சாயங்காலம் முழுக்கப் பிரித்து அடுக்கினேன். எல்பிதான் அதிகம். உறை மூலையில் இருக்கும் எண்ணைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். எச்எம்வி தட்டில் ஈசிஎல்பி, ஈஏஎல்பி என்று ஆரம்பித்தால் மோனோ. ஈசிஎஸ்டி, ஈஏஎஸ்டி என்றால் ஸ்டீரியோ. கச்சேரித் தட்டுகளில் பெரும்பாலும் மோனோதான். அப்புறம் சினிமாப் பாட்டு ஈபிகள், திருவிளையாடல் கதை வசனம். பெட்டியின் அடியில், பழைய வேட்டியில் சுற்றிய 78 சுற்று அரக்குத் தட்டுகள், ஒன்றில் விரிசல். பல உறைகளில் பூஞ்சை வாடை.

பிளேயர் வாங்கியாக வேண்டும். கடை ஏறுவதற்கு முன்னால் இந்தப் பெட்டி என்ன கேட்கிறது என்று எழுதிக்கொண்டேன். 33, 45, 78 என மூன்று வேகமும் வேண்டும். சுருதி ஆடக் கூடாது. பாதித் தட்டுகள் இனிக் கடையில் கிடைக்காதவை. அவற்றைத் தேய்க்காமல் பாட வேண்டும். மரச்சட்டம், நிறம், புளூடூத் எல்லாம் அதற்குப் பிறகு.

நவம்பர் 11, திங்கள்

மகள் ஒரு படம் அனுப்பினாள். மூடிக் கையில் தூக்கிக்கொண்டு போகிற சூட்கேஸ் பிளேயர், மயில்கழுத்து நிறம், ஸ்பீக்கரும் உள்ளேயே. "இது போதாதாப்பா? விலையும் கம்மி." பார்க்க அழகுதான். பெரியப்பாவிடம் இருந்த எச்எம்வி ஃபியஸ்டாவும் இதே குலம்: கைப்பிடி வைத்த பெட்டி, ஊசியைத் தாங்கும் செராமிக் கார்ட்ரிட்ஜ்.

சிக்கல் ஊசியின் அழுத்தத்தில். செராமிக் கார்ட்ரிட்ஜ் பள்ளத்தை விட்டு எகிறாமல் ஓடுவதற்கு ஐந்து கிராமை ஒட்டிய பாரம் தேவைப்படும். காந்தம் வைத்த நல்ல கார்ட்ரிட்ஜுக்கு இரண்டு கிராம் போதும். இரண்டு கிராம் என்றால் நம் வீட்டுக் கணக்கில் கால் பவுன். சூட்கேஸ் பிளேயர் அரைப் பவுனுக்கும் மேலே ஏற்றுகிறது. எல்பி ஊசியின் முனை ஆரம் 18 மைக்ரான்தான். அவ்வளவு சின்ன இடத்தில் இறங்கும்போது கால் பவுனே பெரிய பாரம். போதாக்குறைக்கு ஸ்பீக்கரும் ஊசியும் ஒரே பெட்டியில். ஸ்பீக்கரின் அதிர்வு ஊசிக்கே திரும்பிப் போய், சத்தத்தைக் கூட்டினால் மிருதங்கத்தின் தொப்பி குழறும்.

நாளைக்கே மறுபடி வாங்கக்கூடிய தட்டுகளைக் கேட்பவருக்கு அது சரி. இந்தப் பெட்டிக்குச் சரிப்படாது என்று பதில் போட்டேன். "அப்ப உங்க பட்ஜெட் எகிறுது" என்றாள்.

நவம்பர் 16, சனி

அண்ணா சாலைப் பக்கம் ஒரு ஷோரூம். கையோடு ஒரு வீணை எல்பி எடுத்துப் போனேன். விற்பனைத் தம்பி கிதார் தட்டு ஒன்றைப் போட்டு, "சவுண்டு எப்படி சார்?" என்றார். எல்லாப் பிளேயரிலும் நன்றாகத்தான் இருந்தது. தாளம் தடதடவென்று போகும் பாட்டில் வேகம் கொஞ்சம் ஆடினாலும் காது கண்டுகொள்ளாது. தம்பூரா அப்படி விடாது. ஒரே சட்ஜத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டே இருப்பதால், தட்டு உட்காரும் மேடை ஒரு நூல் மெதுவாகச் சுற்றினாலும் சுருதி நெளிவது அப்பட்டமாகத் தெரியும். பியானோக்காரர்கள் ஸ்வரம் நீளும் இடத்தை வைத்துச் சோதிப்பார்கள் என்று படித்திருக்கிறேன். நமக்கு வசதி கூடுதல். தட்டு முழுக்க நீளும் ஸ்வரம்தான்.

பெல்ட் டிரைவில் மோட்டார் ஓரமாக இருக்கும், ரப்பர் வார் மேடையைச் சுழற்றும். மோட்டாரின் உறுமலை வார் விழுங்கிவிடுவது லாபம். டைரக்ட் டிரைவில் மோட்டாரின் மேலேயே மேடை. வேகத்தைச் சட்டென்று பிடித்து அதிலேயே நிற்கும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 இந்த வகை. 1972இல் வந்தது, உலகமெங்கும் டிஜேக்களின் கைக்குப் போனது, 2010இல் உற்பத்தியை நிறுத்தினார்கள், 2016இல் மறுபடி கொண்டுவந்தார்கள். இப்போதைய விலையைக் கேட்டுவிட்டு அந்த மேசையிலிருந்து நகர்ந்தேன்.

விலை குறைந்த ஒரு பெல்ட் பிளேயரில் என் தட்டைப் போட்டோம். தம்பூரா நெளிந்தது. "இந்தியன் பிரஸ்ஸிங் சார், அப்படித்தான் இருக்கும்" என்றார் தம்பி. பக்கத்து டைரக்ட் டிரைவில் அதே தட்டைப் போடச் சொன்னேன். நேராக நின்றது. தட்டின் மேலும் தப்பு இருக்கலாம், அதைப் பிரித்தறிய ஒரு கணக்கு உண்டு. 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. நெளிவு அந்த இடைவெளியில் மாறாமல் வந்தால் நடு ஓட்டை தள்ளி அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்; எந்தப் பிளேயரும் அதைத் திருத்தாது. இடைவெளி ஒழுங்கில்லாமல் வந்தால் வாரையோ மோட்டாரையோ பார்க்க வேண்டும். இதைச் சொன்னதும் தம்பி செல்போன் ஸ்டாப்வாட்சை எடுத்துவிட்டார். நல்ல பிள்ளை.

நல்ல பெல்ட் பிளேயர்கள் தம்பூராவை நேராகவே நிறுத்துகின்றன. ரேகா, ப்ரோ-ஜெக்ட் எல்லாம் அதில் பேர் போனவை. அங்கே நான் பார்த்த எதிலும் 78 இல்லை. அரக்குத் தட்டுகளை என்ன செய்வது?

நவம்பர் 20, புதன்

நியூ ஜெர்சியிலிருந்து சித்தி மகன் பேசினான். "அண்ணா, இங்க ஒரு பழைய பெல்ட் டிரைவ் சும்மா கிடக்கு. பொங்கலுக்கு வரும்போது எடுத்துட்டு வரேன்." பின்பக்கத் தகட்டைப் படிக்கச் சொன்னேன். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்.

"டிரான்ஸ்ஃபார்மர் போட்டுக்கலாமே?"

"வோல்ட்டைத்தான்டா அது மாத்தும். ஹெர்ட்ஸ் அப்படியேதான் இருக்கும்."

அந்தக் காலத்து ஏசி மோட்டார் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பிடித்துச் சுற்றுவது. நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ். ஆறில் ஐந்து பங்குதான் ஓடும். 33⅓ என்பது 28க்கும் கீழே போய்விடும். ஐந்து கட்டையில் பாடினவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார், இருபது நிமிடக் கீர்த்தனை இருபத்துநாலு நிமிடம் ஓடும். 50 ஹெர்ட்ஸுக்கென்று வேறு அளவில் கப்பி வரும். அந்தப் பழைய மாடலுக்கு அதை எங்கே தேடுவது? இப்போது வருபவற்றில் டிசி மோட்டார் அதிகம், அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. பிளேயருக்குப் பதிலாகத் தட்டு வைக்கும் உள்ளுறைகள் ஒரு கட்டு வாங்கி வரச் சொன்னேன்.

நவம்பர் 24, ஞாயிறு

சென்ட்ரலுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகம். 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் வாரிசு. பழைய ஆம்ப், ரேடியோ ரிப்பேர் செய்கிற ஒருவரைப் பிடித்தேன். சின்ன வயதில் மைக் செட் வைத்திருந்தாராம். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று செங்கல்பட்டுப் பக்கமெல்லாம் தட்டு சுற்றியிருக்கிறார்.

நான் கொண்டுபோன ஈபியை வாங்கி, டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தார். "இங்க பாருங்க சார், வெளுப்பா தெரியுதா? கோரஸ் வர்ற இடம். மொட்டை ஊசியில ஓட்டியிருக்காங்க." பார்த்தேன். கறுப்புத் தட்டில் ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல் பூத்த வளையம். மேலே ஒரு கீறல்கூடக் கிடையாது. சத்தம் உரக்க இருக்கும் இடத்தில் பள்ளத்தின் சுவர் அதிகம் வளையும். தேய்ந்த ஊசி அங்கேதான் முதலில் சுவரைச் செதுக்கும். "கீறலைப் பார்த்து தட்டை ஒதுக்கிடுவாங்க. இதைப் பார்க்க மாட்டாங்க" என்றார். ஒரு கீறல் டக் டக்கென்று சத்தம் கொடுத்துவிட்டுத் தாண்டிப் போகும்; தேய்ந்த இடம் முழுக்கக் கரகரக்கும்.

அவரிடம் சரிசெய்த பழைய பிளேயர்கள் இருந்தன. விலை கேட்டேன். "உங்க தட்டெல்லாம் நல்லா இருக்கு சார். இதுல போட வேணாம்." விற்க வேண்டியவரே சொல்கிறார்.

நவம்பர் 30, சனி

மழை விடவில்லை. தட்டுகளைக் கழுவினேன். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், அதில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம். மெத்தென்ற பிரஷ்ஷைப் பள்ளத்தின் போக்கிலேயே சுற்ற வேண்டும். நடு லேபிளில் ஈரம் படக் கூடாது. கடைசியில் வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, பாத்திரம் கவிழ்க்கும் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டேன். தண்ணீர் கலங்கலாக இறங்குவதைப் பார்த்து வீட்டில் சிரிப்பு.

அரக்குத் தட்டுக்கு ஆல்கஹால் ஆகாது. அது உண்மையிலேயே அரக்கு. ஆல்கஹால் பட்டால் கரையும். அவற்றுக்குத் தண்ணீர் மட்டும், அதுவும் சட்டென்று துடைத்துவிட வேண்டும். காய்ந்த எல்பிகளைப் புத்தகம் மாதிரி நிமிர்த்தி அடுக்கினேன். படுக்கப் போட்டு அடுக்கினால் அடித்தட்டு வளையும். சென்னை வெயிலும் சேர்ந்தால் அப்பளம்தான்.

டிசம்பர் 6, வெள்ளி

ஆடியோ-டெக்னிக்கா எல்பி120 வந்துவிட்டது. டைரக்ட் டிரைவ், டிசி மோட்டார், 78 உண்டு, ஊசியின் பாரத்தை நாமே வைத்துக்கொள்ளலாம். விஎம்95 கார்ட்ரிட்ஜில் ஊசியை மட்டும் கழற்றி மாற்ற முடியும். 78க்கென்றே பருத்த ஊசி தனியாகக் கிடைக்கிறது. அரக்குத் தட்டின் பள்ளம் அகலமானது. எல்பி ஊசி அதன் அடியில் போய் உட்கார்ந்து குப்பையைத்தான் படிக்கும். 75 மைக்ரான் ஆரமுள்ள ஊசிதான் அதன் சுவரைத் தொடும்.

கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான். அதோடு தட்டில் பதியும்போது கீழ்ஸ்தாயியைக் குறைத்து மேல்ஸ்தாயியைக் கூட்டித்தான் பதிவார்கள். 1954இலிருந்து இதற்குப் பொது அளவு வந்துவிட்டது. போனோ ப்ரீஆம்ப் அதைத் திருப்பிச் சரிசெய்யும். இதில் அது உள்ளேயே இருக்கிறது.

டோன்ஆர்மைச் சமன் செய்ததுதான் இன்றைய வேலை. பின்பக்க எடைக்கல்லை மயிரிழை மயிரிழையாகத் திருகினால், ஒரு கட்டத்தில் கை காற்றில் மிதக்கும். தட்டை நோக்கியும் இறங்காது, மேலும் ஏறாது. அங்கே எண் வளையத்தைப் பூஜ்ஜியத்தில் வைத்து, கல்லோடு சேர்த்து இரண்டுக்குத் திருப்பினேன். நகைக்குப் பயன்படும் சின்ன டிஜிட்டல் தராசில் ஊசியை இறக்கிப் பார்த்தேன்: 2.0. கால் பவுன், குண்டுமணி பிசகாமல். பிறகு 180 கோடுகள் அச்சடித்த காகித வட்டத்தை மேடையில் வைத்து, சோக் போட்ட பழைய டியூப்லைட்டுக்குக் கீழே சுற்றவிட்டேன். 50 ஹெர்ட்ஸ் வெளிச்சத்தில் வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். நின்றன.

டிசம்பர் 8, ஞாயிறு

நாள் முழுக்கப் பாட்டு. மோனோ எல்பி போடும்போது ஆம்பில் மோனோ பித்தானை அழுத்திவிட்டால் பொரிகிற சத்தத்தில் கணிசமான பங்கு குறைகிறது. மோனோப் பாட்டு பள்ளத்தில் பக்கவாட்டில் மட்டும் பதிந்திருக்கும். மேலும் கீழுமான ஆட்டம் எல்லாம் தூசி, அழுக்கு. இரண்டு சேனலையும் சேர்த்ததும் அது ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது.

பக்கத்தின் கடைசிப் பாட்டு எப்போதும் கொஞ்சம் கரகரக்கும். ஓரத்தில் பள்ளம் ஊசிக்குக் கீழே வினாடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடுகிறது, லேபிளை நெருங்கும்போது 21தான். அதே பாட்டை பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். நம் கச்சேரித் தட்டுகளில் அந்த நெருக்கடி துக்கடாவுக்கும் மங்களத்துக்கும் வாய்த்திருக்கிறது.

ராத்திரி ஊசி மாற்றி, டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. மணிக்கணக்கில் ஆலாபனை செய்தவரை 78 தட்டு பக்கத்துக்குச் சில நிமிடத்தில் அடக்கிவிட்டது. இரைச்சலுக்கு நடுவிலும் அந்தக் காந்தாரம் குத்துகிறது. 1948இல் கொலம்பியா எல்பியைக் கொண்டுவந்த பிறகுதான் பக்கத்துக்கு இருபது நிமிடம் கிடைத்தது. அவர் 1956இல் போய்விட்டார்.

டிசம்பர் 16, திங்கள். மார்கழி 1

திருமலையில் இந்த மாதம் சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவை. எங்கள் வீட்டிலும் அதே முறை வைத்தேன்: எம்.எஸ். 1963இல் கொடுத்த சுப்ரபாதத் தட்டு உறைக்குள் இருக்கட்டும், எம்.எல்.வி.யின் திருப்பாவை, அரியக்குடி மெட்டில். தம்பூரா அசையவில்லை.

மாடி வீட்டுப் பையன் சத்தம் கேட்டு இறங்கி வந்தான். "அங்கிள், நானும் ஒண்ணு வாங்கலாம்னு பார்க்கறேன். எது வாங்கட்டும்?" விலைப் பட்டியல் எல்லாம் போனில் வைத்திருந்தான். பிளேயருக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை அடுத்த ஊசிக்கு இப்போதே எடுத்து வை என்றேன். என் ஊசிக்குக் கம்பெனி சொல்லும் ஆயுள் முந்நூறு மணி நேரம். பக்கத்துக்கு இருபது நிமிடம் என்றால் தொள்ளாயிரம் பக்கம். தினம் ஒரு மணி நேரம் கேட்பவனுக்கு வருஷம்கூட முழுசாக வராது. போட்ட தட்டை எல்லாம் நோட்டில் குறித்து வருகிறேன்.

"தட்டு ஏதாவது வெச்சிருக்கியா?"

"இன்னும் இல்ல அங்கிள்."

"அப்போ முதல்ல ரெண்டு தட்டு வாங்கு. என்ன பிளேயர்னு அப்புறம் பேசலாம்."

ஞாயிற்றுக்கிழமை என்னோடு அல்லிக்குளத்துக்கு வருகிறான்.