பாலையில் ஒரு பகல்

மலையும் காடும் வெயிலால் வறண்டு தம் இயல்பு கெடும்போது பாலை பிறக்கிறது என்றனர் நம் முன்னோர். அந்நிலத்திற்குப் பிரிவையே உரிப்பொருளாக வைத்தனர். ஏட்டில் கற்ற அவ்விலக்கணத்தின் நுட்பத்தை, 2019ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் யூதேயப் பாலைநிலத்தின் வாதி கெல்ட் பள்ளத்தாக்கில் தனித்து நடந்த ஒரு பகலில் நாம் உணர்ந்தோம்.

வாழ்க்கைத் துணையை இழந்து ஓராண்டு நிறைந்திருந்த வேளை அது. திருப்பயணக் குழுவோடு எருசலேம் வந்திருந்தோம். செபிக்க அமர்ந்தால் சொற்கள் வந்தன. நெஞ்சம் அவற்றைப் பின்தொடரவில்லை. குழுவினர் ஓய்வு கொண்ட நாளில் ஃபவ்வார் ஊற்றிலிருந்து எரிகோ நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டோம்.

எருசலேம் கடல் மட்டத்திற்கு மேலே ஏறக்குறைய 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எரிகோவோ கடல் மட்டத்திற்குக் கீழே ஏறக்குறைய 250 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. இடைப்பட்ட தொலைவு 25 கிலோமீட்டர் அளவே. மேற்கிலிருந்து வரும் மேகங்கள் எருசலேமின் மேட்டிலேயே மழையைப் பொழிந்துவிடுகின்றன. கீழிறங்கும் காற்று வெப்பமுற்று உலர்ந்துபோகிறது. ஆகவே நகரில் ஆண்டிற்கு 550 மில்லிமீட்டர் அளவு பெய்யும் மழை, எரிகோவில் 150 மில்லிமீட்டராகக் குறைந்துவிடுகிறது.

இருபுறமும் செங்குத்தாக எழுந்து நின்றன பாறைகள். வெண்மையும் மஞ்சளும் கலந்த சுண்ணப் பாறைகள் அடுக்கடுக்காக அமைந்திருக்க, இடையிடையே சிக்கிமுக்கிக் கல் கரும்பட்டைகளாக ஓடியது. சிலவிடங்களில் அவ்வடுக்குகள் பாயைச் சுருட்டினாற்போல வளைந்து கிடந்தன. 7 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் இந்நிலம் கடலடியாய் இருந்தது. நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து இறுகியதே இப்பாறை. எண்ணற்ற உயிர்களின் மறைவு ஒரு மலையாய் நிமிர்ந்து நிற்பதைத் தொட்டுப் பார்த்தோம். கல் வெதுவெதுப்பாக இருந்தது.

நெடுநேரம் நம் காலடி ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. திடீரென, மனிதர் சீழ்க்கையடிப்பதைப் போன்ற இனிய ஒலி பாறையில் மோதி எதிரொலித்தது. மைனா இனத்துக் கரும்பறவைகள் இரண்டு எதிரே வந்தமர்ந்தன. அமர்ந்திருக்கையில் கருமையாய்த் தோன்றியவை, பறந்தபோது சிறகில் செம்மஞ்சள் ஒளிர்ந்தது. பறவைகளை ஆராய்ந்த ஆங்கிலேயக் குருவானவர் திரிஸ்திராமின் பெயரை 19ஆம் நூற்றாண்டில் பெற்ற பறவை இது. இணையாகவே திரிந்த அவற்றை நாம் நெடுநேரம் நோக்கவில்லை.

நண்பகலில் வானில் செங்கால் நாரைகள் தோன்றின. ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்து, ஐரோப்பாவிற்குத் திரும்பும் கூட்டம். அகன்ற கடலைக் கடப்பது இவற்றிற்கு அரிது. வெம்மையால் மேலெழும் காற்றில் மிதந்து நிலத்தின் வழியாகவே செல்கின்றன. ஆண்டுதோறும் 50 கோடிப் பறவைகள் இந்நாட்டு வான்வழியே கடப்பதாக மதிப்பிடுகின்றனர். சத்திமுத்தப் புலவர் வறுமையுற்று அயலூரில் தங்கியபோது தம் மனைவிக்குத் தூது விடுத்தது இச்செங்கால் நாரையைத்தான். அவருக்குச் செய்தியைப் பெற்றுக்கொள்ள ஒருத்தி இருந்தாள். ஓராண்டாக வராத கண்ணீர் அவ்விடத்தில் வந்தது. கேட்க எவருமில்லாததால் வாய்விட்டே அழுதோம். பள்ளத்தாக்கு அதையும் எதிரொலித்தது.

பின்னர் நடந்து, பாறையில் தகைவிலான் கூடு போல ஒட்டியிருக்கும் புனித ஜார்ஜ் மடத்தை அடைந்தோம். 5ஆம் நூற்றாண்டில் தீப்ஸ் நகரத்து யோவான் நிறுவிய இம்மடம், 614இல் பாரசீகப் படையெடுப்பில் அழிந்தது. துறவியர் பலர் கொல்லப்பட்டனர். 1878இல் கிரேக்கத் துறவி கல்லினிக்கோஸ் புதுப்பிக்கத் தொடங்கி 1901இல் நிறைவு செய்தார். இறைவாக்கினர் எலியா தங்கிய குகை இங்குள்ளது என்பது மடத்து மரபு. விவிலியமோ கெரீத்து ஓடையை யோர்தானுக்குக் கிழக்கே குறிக்கிறது. எனினும், குறுகிய வாலும் அகன்ற சிறகும் உடைய காகங்கள் மடத்தின் மேலே வட்டமிட்டபோது எலியாவை நினையாமல் இருக்க இயலவில்லை.

மறைந்திருந்த அப்பெரியவருக்குக் காகங்கள் களஞ்சியத்தைக் கொண்டுவரவில்லை. காலையில் காலைக்கு வேண்டிய உணவு. மாலையில் மாலைக்கு வேண்டியது. அந்த ஓடையும் சில நாளில் வற்றியது. வற்றிய பிறகே, சாரிபாத்துக் கைம்பெண்ணின் இல்லத்திற்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கும் துயரே காத்திருந்தது. ஆயினும் அத்துயரில் துணைநிற்க அவர் இருந்தார்.

இப்பள்ளத்தாக்கின் ஊற்றுகளும் அவ்வாறே. மேட்டு நிலத்தில் பெய்த மழை, சுண்ணப் பாறையின் விரிசல்களில் இறங்கி, கண்காணாத இருளில் நெடுந்தொலைவு கடந்து, மழையில்லா நிலத்தில் நீராய் வெளிப்படுகிறது. ஃபவ்வார் ஊற்று பொங்கும்; பின் தணியும்; மீண்டும் பொங்கும். தணிந்த பொழுதில் அது வற்றிவிட்டது என்று எண்ணுதல் கூடாது.

துயருற்ற அன்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: வரும் ஆண்டுகள் அனைத்தையும் தாங்கும் வலிமையை இன்றே தேட வேண்டா. காலைக்கு உரியதைக் காலையில் கேட்போம். மாலைக்கு உரியதை மாலையில் கேட்போம். அன்றிலிருந்து நமது செபம் மிகச் சிறியதாயிற்று. நெஞ்சமும் இப்போது அதனுடன் வருகிறது.